கொன்சொலிடேட்டட் அப்பீலுக்கு 'கூட்டு நிதிகோரல்' எண்டு வைப்பமா?

போரோ பேரழிவோ வந்தால் ஐநா அமைப்புகள் எல்லாம் சேந்து ஒரே ஆவணத்தில உலகத்திட்டக் காசு கேக்கிறதுக்கு இங்கிலீசில கொன்சொலிடேட்டட் அப்பீல் (Consolidated Appeal) எண்டு பேர், எங்கட சொற்பட்டியலுக்கு அதுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடித் தான் இங்க கதைக்கிறம். அண்ணை, நீங்கள் எழுதின 'ஒருங்கிணைந்த மேன்முறையீட்டுச் செயன்முறை' சொல்லுக்குச் சொல் பாத்தால் பிழை எண்டு சொல்ல ஏலாது. ஆனால் இலங்கையில மேன்முறையீடு எண்டால் சனத்துக்கு முதல்ல ஞாபகம் வாறது வழக்கில தோத்தவர் மேல் கோர்ட்டுக்குப் போறது தான். 2005இல, சுனாமிக்குப் பிறகு, கிராம சேவகர்மாருக்கு ஒரு பயிற்சி வைச்சவை, நான் மொழிபெயர்க்கப் போயிருந்தனான். குடுத்த தாளில உந்த மேன்முறையீடு தான் அச்சடிச்சிருந்தது, முன் வரிசையில இருந்த ஒரு வயசான விதானையார் கண்ணாடியைக் கழட்டி மடியில வைச்சிட்டு "தம்பி, ஆரை எதிர்த்து மேன்முறையீடு?" எண்டு கேட்டவர். அவருக்கு விளங்கப்படுத்தி முடிய தேத்தண்ணி நேரமே வந்திட்டுது. ஒரு சொல் சரியா இருந்திருந்தால் அவ்வளவு நேரமும் மிச்சம், அவர் கேக்க வந்த உண்மையான கேள்விகளைக் கேட்டிருப்பார்.

சொல்லை விட்டிட்டு முதல்ல பொருளைப் பாப்பம். 1991க்கு முந்தி ஒரு இடத்தில பஞ்சமோ போரோ வந்தால் ஒவ்வொரு ஐநா அமைப்பும் தன்ர பாட்டில நாடுகளிட்டக் காசு கேட்டு எழுதும், சாப்பாட்டுக்கு ஒரு கடிதம், பிள்ளையளுக்கு ஒரு கடிதம், அகதியளுக்கு இன்னொண்டு. அந்த வருசம் வட ஈராக்கில குர்து மக்கள் மலையேறி ஓடின நேரம் அந்தக் குழப்பம் நல்லா வெளிச்சத்துக்கு வந்தது. 1991 டிசெம்பர் 19ஆம் திகதி பொதுச்சபை 46/182 ஆம் இலக்கத் தீர்மானத்தை எடுத்தது, அவசர நிவாரண இணைப்பாளர் பதவி, அமைப்புகள் ஒண்டா இருந்து கதைக்கிற நிலைக்குழு, அமைப்புகளுக்குக் கடனாக் குடுத்துத் திருப்பி வாங்கிற 5 கோடி டொலர் சுழல் நிதியம், எங்கட இந்த அப்பீல் எல்லாம் அதுக்குள்ளால தான் வந்தது. அதாவது எல்லாரும் சேந்து தேவையை அளந்து, ஆர் என்ன எங்க செய்யிறது எண்டு பிரிச்சு, ஒவ்வொரு வேலைக்கும் விலை போட்டு, கடைசியா ஒரே கூட்டுத்தொகையை உலகத்துக்கு முன்னால வைக்கிறது. கேக்கிறது கடைசிப் பக்கத்தில மட்டும் தான் வருகுது, அதுக்கு முதல் இருக்கிறது முழுக்கத் திட்டம்.

அதால தான் வேற சிலர் சொன்ன 'கூட்டு வேண்டுகோள்' எனக்கு உடன்பாடில்லை. வேண்டுகோள் எண்டால் கோயில் திருவிழாவுக்கும் வரும், இரத்ததானத்துக்கும் வரும், குடுக்கிறவர் மனம் இரங்கினால் சரி எண்ட மாதிரி ஒரு தாழ்வு அதில இருக்கு. கோரல் அப்பிடி இல்லை. எங்கட கந்தோர்களில 'விலைமனு கோரல்', 'விண்ணப்பம் கோரல்' எண்டு நாளாந்தம் எழுதுறம், கணக்கு இருக்கு, நிபந்தனை இருக்கு, கேக்கிறவர் நிமிந்து நிண்டு கேக்கிறார். தமிழ்நாட்டிலயும் ஒப்பந்தப்புள்ளி கோருறது தான்.

'திரட்டு' எண்டு தங்கச்சி ஒராள் எழுதியிருந்தா, அரசாங்கத்தின்ர கொன்சொலிடேட்டட் ஃபண்ட் ஏற்கனவே சட்டத்தில 'திரட்டு நிதியம்' எண்டு இருக்கிறபடியால் நல்ல யோசனை தான், நானும் ரெண்டு நாள் அதிலயே நிண்டன். ஆனால் 'திரட்டு நிதிகோரல்' எண்டு எழுதிப் பாருங்கோ, நிதி திரட்டல் எண்டு தான் கண் வாசிக்கும், உண்டியலும் ரசீதுப் புத்தகமும் ஞாபகம் வரும். 'ஒருங்கிணைப்பு' இந்த வேலையளைப் பாக்கிற ஐநா அலுவலகத்தின்ர (OCHA) பேரிலயே இருக்கு, ஒரே சொல்லை ரெண்டு இடத்துக்கும் போட்டால் ஆவணத்தில குழம்பும். 'கூட்டு' எண்டால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும், பல பேர் சேந்தது எண்ட கருத்தும் வருகுது, கூட்டிப் பாத்த தொகை எண்ட கருத்தும் வருகுது.

அழிவு நடந்த கையோட போடுற முதல் கோரலுக்கு ஃப்ளாஷ் அப்பீல் (Flash Appeal) எண்டு பேர், அதுக்கு 'மின்னல்' வேண்டாம். சுனாமிக்கு 2005 ஜனவரி 6ஆம் திகதி ஜகார்த்தாவில கோபி அனான் வெளியிட்டது அப்பிடியான ஒண்டு தான், 50 லட்சம் பேருக்கு ஆறு மாதத்துக்கு 97 கோடி 70 லட்சம் டொலர். இலங்கையும் அதுக்குள்ள இருந்தது, இந்தியா வெளிநாட்டு அரசுகளிட்ட உதவி கேக்கேல்லை. ஹெயிட்டியில 2010 ஜனவரி 12 நிலநடுக்கம், 15ஆம் திகதியே 50 கோடி டொலருக்கு மேல கேட்டுக் கோரல் வந்திட்டுது. முழுசா அளந்து முடிய முதலே போடுறது, பேந்து திருத்துறது. 'உடனடி நிதிகோரல்' எண்டால் போதும். 'அவசர' எண்டதை அவசரகால நிதியத்துக்கு, மேல சொன்ன அந்தச் சுழல் நிதியத்துக்கு, விட்டுடுவம், அது 2006இல இருந்து கடனோட மானியமும் குடுக்கிற பெரிய நிதியமா மாறி இப்பவும் இருக்கு.

கிளஸ்டர் தான் எனக்குக் கஷ்டமான சொல். 2005 ஒக்டோபர் பாகிஸ்தான் நிலநடுக்கத்தில தான் இந்த முறை முதல் முதல் நடைமுறைக்கு வந்தது, தண்ணி ஒரு குழு, தங்குமிடம் ஒரு குழு, ஒவ்வொண்டுக்கும் பொறுப்பா ஒரு அமைப்பு. கொரோனா காலத்தில எங்கட பேப்பர்கள் 'கொத்தணி' எண்டு எழுதி எல்லாருக்கும் பழகிப்போச்சு, சரி. ஆனால் வன்னியில இருந்து வந்த ஒரு அம்மாவுக்கு முன்னால நிண்டு 'கொத்து' எண்டு தொடங்கிற எந்தச் சொல்லையும் என்னால சொல்ல ஏலாது. அந்தச் சனத்துக்கு கொத்து எண்டால் கொத்துக்குண்டு. நான் ஒருக்கா வாய் தவறிச் சொன்னன், அந்த அம்மா மடியில இருந்த பிள்ளையை இன்னும் கிட்ட இழுத்து அணைச்சவ. அண்டைக்கே முடிவெடுத்தன். 'துறைக்குழு' எண்டு வையுங்கோ, தண்ணி சுகாதாரத் துறைக்குழு, தங்குமிடத் துறைக்குழு.

இதே காரணம் தான் ஹியூமனிற்றேரியன் (humanitarian) எண்டதுக்கு எழுதுற 'மனிதாபிமான' எண்டதுக்கும். 2009 மே வரைக்கும் அரசாங்கம் போரையே 'மனிதாபிமான நடவடிக்கை' எண்டு தான் சொன்னது, அதே வருசம் ஐநாவும் அமைப்புகளும் போட்ட திட்டத்தின்ர பேரும் பொது மனிதாபிமானச் செயற்திட்டம். அந்தச் சொல் எங்கட ஊரில கறை பட்டுப்போச்சு. அகராதியில வேணுமெண்டால் இருக்கட்டும், மக்களுக்குக் குடுக்கிற தாளில நான் 'இடருதவி' எண்டு எழுதுவன். இங்க அனர்த்தம் எண்டுறம், தமிழ்நாட்டில பேரிடர் எண்டினம், 'இடர்' ரெண்டு பக்கத்துக்கும் விளங்கும். வேற ஒரு வசதியும் இருக்கு. 2022 ஜூனில ஐநாவும் அமைப்புகளும் இலங்கைக்கு 4 கோடி 72 லட்சம் டொலர் கேட்டு 17 லட்சம் பேருக்குத் திட்டம் போட்டவை, நவம்பரில அது 14 கோடி 97 லட்சமாவும் 34 லட்சம் பேராவும் கூடிப்போச்சு. அங்க புயலும் இல்லை குண்டும் இல்லை, டொலர் இல்லாமல் மருந்தும் சாப்பாடும் இல்லாமல் போனது தான். அதை அனர்த்தம் எண்டால் சனம் வெள்ளம் எங்க எண்டு கேக்கும். இடர் எண்டால் பொருந்துது.

இன்னொராள் கேட்டிருந்தார், கொன்சொலிடேட்டட் அப்பீல் எண்ட பேரையே ஐநா 2013ஓட விட்டிட்டுது, இப்ப ரெஸ்பொன்ஸ் பிளான் தான், செத்த பேருக்கு ஏன் தமிழ் எண்டு. ஐயா, இருபது வருசத்துக்கு மேல அந்தப் பேரில தான் உலகத்தில கன சனம் சாப்பிட்டது, அந்த ஆவணங்களைத் தமிழில ஆராயப் போற பிள்ளைக்குச் சொல் வேணும். புதுப் பேருக்கு 'பதில் திட்டம்' எண்டு மட்டும் போட்டிடாதேங்கோ, ஆரோ கடிதம் போட்டு நாங்கள் பதில் எழுதுற மாதிரி இருக்கு. 'இடருதவித் திட்டம்' காணும். திட்டத்துக்குத் திட்டம், காசுக்கு நிதிகோரல்.

கடைசியா ஒண்டு, நேற்று ரெண்டு பேர் 'நிதிக்கோரல்' எண்டு எழுதியிருந்தவை. நிதியைக் கோரல், இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகாது. விலைமனு கோரல் எண்டு தானே எழுதுறம், விலைமனுக்கோரல் எண்டு சிலர் எழுதுறதும் உண்டு தான், அதை நாங்கள் பின்பற்ற வேண்டாம். 'நிதிகோரல்' எண்டு ஒற்றில்லாமலே பதிவில ஏத்துவம், மறுப்பு இருக்கிறவை சொல்லுங்கோ.