வேலூர் பக்கம் பீடி, தோல் தொழில் குடும்பங்கள்: எந்த சர்வே தரவை எடுப்பது?

பேரணாம்பட்டு ஆய்வாளர்:
வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்காக வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வீட்டிலேயே பீடி சுற்றும் குடும்பங்களையும் தோல், ஷூ வேலைக்குப் போகும் குடும்பங்களையும் ஒப்பிட வேண்டும். வேலை, செலவு, பெண்களின் உடல்நலம் மூன்றும் தேவை. அறிக்கைகளில் மாநில அட்டவணைதான் இருக்கிறது. குடும்ப வாரியான மூலத் தரவு எங்கே கிடைக்கும்? மாவட்ட அளவில் நம்பலாமா?

பாலாறு:
மூன்றும் ஒரே கோப்பில் கிடைக்காது. வேலைக்கு பி.எல்.எஃப்.எஸ். (தொழிலாளர் சர்வே), செலவுக்கு எச்.சி.இ.எஸ். (குடும்ப நுகர்வுச் செலவு சர்வே, 2022-23, 2023-24). இரண்டும் மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் இலவசம். பதிவு செய்தால் போதும்.

பி.எல்.எஃப்.எஸ்.ஸில் தொழில் பிரிவு எண் 12 என்றால் புகையிலைப் பொருட்கள், 15 என்றால் தோல். முதன்மை வேலையை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். வீட்டு வேலைக்கு நடுவே பீடி சுற்றும் பெண் முதன்மை நிலையில் 92, அதாவது வீட்டுப் பணி என்று பதிவாகியிருக்கலாம். பீடி வேலை துணை நிலைப் பகுதியில்தான் தெரியும். அதை விட்டால் நீங்கள் தேடும் ஆட்களே கணக்கில் வரமாட்டார்கள்.

மாவட்ட மதிப்பீட்டுக்கு 2024 வரையிலான கோப்புகள் போதாது. ஒரு மாதிரிப் பகுதியில் (சர்வேக்காகத் தேர்ந்தெடுத்த கிராமம் அல்லது நகர வட்டாரம்) எடுத்தது 8 வீடுகள்தான். குடியாத்தத்தில் ஒரே தெருவில் 8 பீடி வீடுகள் விழுந்தால் அதை 8 தனித்தனிச் சான்றுகளாக எண்ண முடியாது. எத்தனை வீடு என்பதைவிட எத்தனை மாதிரிப் பகுதி என்று முதலில் எண்ணுங்கள். 2025 ஜனவரியில்தான் வடிவமைப்பு மாறி மாவட்டம் அடிப்படை அலகானது. பழைய ஆண்டுகளைச் சேர்த்தால் முதல் வருகைக் கோப்பை மட்டும் எடுங்கள். அந்த ஆண்டுகளில் நகரத்தில் அதே வீட்டுக்கு நான்கு காலாண்டு போனார்கள்.

எடைக்கல்:
அந்தப் பழைய பி.எல்.எஃப்.எஸ். கோப்பு நிலையான அகல டெக்ஸ்ட். எக்செலில் நேராகத் திறந்தால் முன்னிருக்கும் பூஜ்யங்கள் போய்விடும், குடும்பக் கோப்பும் ஆள் கோப்பும் இணையாது. எல்லா அடையாள எண்களையும் எழுத்தாகவே படியுங்கள். மல்டிப்ளையரில் (ஒரு வீடு எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எண், அதாவது வெயிட்) இரண்டு தசமம் மறைந்திருக்கிறது: கோப்பில் என்.எஸ்.எஸ்., என்.எஸ்.சி. என்ற பெயரில் உள்ள இரண்டு எண்களும் சமமென்றால் 100ஆல், இல்லையென்றால் 200ஆல் வகுக்க வேண்டும். ஆண்டுக் கோப்பென்றால் அதன்மேல் காலாண்டு எண்ணிக்கையாலும், ஆண்டுகளைச் சேர்த்தால் ஆண்டு எண்ணிக்கையாலும். பிறகு மாநில எண் 33க்கு ஆட்களைக் கூட்டிப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 7.21 கோடி. உங்கள் கூட்டல் அதற்குப் பல மடங்கு எகிறினால் வெயிட்டில் தப்பு. கொஞ்சம் குறைந்தால் பயப்பட வேண்டாம், இந்த சர்வேக்களில் அது வழக்கம். தலை எண்ணிக்கையை விட்டு விகிதங்களை எழுதுங்கள்.

ஆற்காடு:
உடல்நலத்துக்கு தேசிய குடும்ப நல ஆய்வு, அதாவது என்.எஃப்.எச்.எஸ்.-5 (2019-21), பல நாடுகளின் உடல்நல சர்வே தரவைத் தரும் டி.எச்.எஸ். தளம் வழியாக. 2025இல் அமெரிக்க நிதி நின்றபோது அந்தத் தளமே தடுமாறியது, அதனால் இறக்கியதும் நகல் எடுத்து வையுங்கள். வெயிட்டைப் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். அதன் மாவட்டப் பட்டியல் 2017 எல்லைப்படி. ஆகவே அதில் வேலூர் என்றால் பிரியாத பழைய வேலூர், ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் அதற்குள்தான். என்.எஃப்.எச்.எஸ்.-4க்கும் 2011 சென்சஸுக்கும் இதே எல்லை என்பதால் ஒப்பிடுவது உங்களுக்கு எளிது. தமிழ்நாட்டில் களப்பணி 2020 ஊரடங்கால் இரண்டாகப் பிரிந்தது, நேர்காணல் மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் பெண்ணின் தொழில் பற்றிய கேள்வி சுமார் 15 சதவீத வீடுகளில்தான் கேட்கப்பட்டது. அதுவும் மாநில மதிப்பீட்டுக்காக. பீடி சுற்றும் பெண்ணை அதில் தனியாகப் பிரிக்க முடியாது. மூன்றாவது ஒப்பீட்டைக் கைவிடுங்கள், இல்லையென்றால் சிறிதாகவாவது சொந்தக் கள ஆய்வு வேண்டும்.

பேரணாம்பட்டு ஆய்வாளர்:
நன்றி. மாவட்டத்துக்குப் பதில் தேசிய மாதிரி ஆய்வின் (என்.எஸ்.எஸ்.) மண்டலமாக, அதாவது பல மாவட்டங்களைச் சேர்த்து எடுத்தால்?

பாலாறு:
வேலூர் இருக்கும் கடலோர வடக்கு மண்டலத்தில் சென்னையும் இருக்கிறது. சராசரியை சென்னை இழுத்துவிடும். சென்னையை நீக்கிவிட்டு, கிராமம், நகரம் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.