பொருள்: ‘அன்பேலட்டபிள்’ – ‘சுவையற்ற’ வேண்டாம், ‘மேயா’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

தருமபுரி, கிருஷ்ணகிரி வறண்ட இலையுதிர் காட்டுத் தாவரக் கையேட்டின் சொற்பட்டியலைப் படித்தேன். பெரும்பாலானவற்றில் எனக்குச் சண்டை இல்லை. ‘அன்பேலட்டபிள் பிளான்ட்’ (கால்நடை விரும்பித் தின்னாத செடி) என்பதற்குச் ‘சுவையற்ற தாவரம்’ என்று போட்டிருப்பதை மட்டும் விட மனம் வரவில்லை. போதாக்குறைக்கு, அதே செடிகளில் பாதி, பின்னிணைப்பில் ‘நச்சுத் தாவரங்கள்’ என்ற தலைப்பின் கீழும் வந்து நிற்கின்றன.

சுவையற்றது என்றால் உப்புச் சப்பில்லாதது என்றுதான் தமிழில் பொருள். ஆடாதோடை இலையைக் கிள்ளி வாயில் போட்டவர் யாரும் அதைச் சுவையற்றது என்று சொல்ல மாட்டார்; அவ்வளவு கசப்பு. ஆடு அதைத் தொடாது. நாமோ இருமலுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிறோம். ஆகவே அது நஞ்சும் அன்று, சுவையற்றதும் அன்று. கால்நடை ஒதுக்கும் செடி, அவ்வளவுதான். அதற்குத்தான் ஒரு சொல் வேண்டும்.

இந்தச் சொல் இல்லாமல் நம் காட்டைப் பற்றி ஒரு பத்திகூட ஒழுங்காக எழுத முடியாது என்பது என் எண்ணம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையின் இருபுறமும் பாருங்கள். உசில், வெக்காலி, ஆச்சா என்று மரங்கள் மேலே நிற்கின்றன. அவற்றின் கன்றுகளைக் கீழே தேட வேண்டியிருக்கிறது. இடுப்பளவுக்கு மண்டிக் கிடப்பவை விராலி, ஆவாரை, உன்னிச்செடி (லான்டானா). விராலி இலையை இரண்டு விரல்களால் தேய்த்தால் பிசின் ஒட்டும். வெயிலில் மெழுகு பூசியதுபோல் மின்னும். வெள்ளாடு அதன் அருகில் வந்து முகர்ந்துவிட்டு, அதற்குள் ஒளிந்து வளர்ந்த உசில் துளிரை மட்டும் கழுத்தை நீட்டிக் கடித்துக்கொண்டு போகும். ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால், கடிபட்ட இனங்கள் குறையும், ஒதுக்கப்பட்ட இனங்கள் பெருகும். தாவரப் பன்மை சுருங்குவதில் மேய்ச்சலின் பங்கு பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது. கோடரியைப் பற்றி எழுதும் அளவுக்கு இதைப் பற்றி நாம் எழுதுவதில்லை.

1968-இல் வனவியலாளர்கள் சாம்பியனும் சேத்தும் திருத்தி அமைத்த இந்தியக் காட்டு வகைப்பாட்டில், வெப்பமண்டல வறண்ட இலையுதிர் காடு 5-ஆம் தொகுதி. அது சீரழிந்தால் எந்தெந்த நிலைகளுக்கு இறங்கும் என்றும் அவர்கள் வகுத்திருக்கிறார்கள். அதில் ஒரு நிலையின் பெயரே கள்ளிப் புதர்க்காடு. பால் வடியும் கள்ளியைக் கால்நடை பெரும்பாலும் கடிக்காது. மற்றவை போன பிறகும் அது நிற்கும். (கள்ளிப்பால் என்ற சொல்லுக்கு நம் மாவட்டத்தில் இருக்கும் துயர வரலாறு வேறு. அதனால்தான் பட்டியலைத் தயாரித்தவர்கள் கள்ளியை யோசிக்காமல் ‘நச்சு’ப் பக்கம் தள்ளிவிட்டார்களோ என்று தோன்றுகிறது.)

என் பரிந்துரை: ‘மேயாத் தாவரம்’. ‘தின்னா’ என்பதும் பழக்கத்தில் உள்ளதுதான். ஆடுதின்னாப்பாளை நம் கொல்லைகளிலேயே முளைக்கிறது. ஆனால் ‘தின்னாத் தாவரம்’ என்றால் யார் தின்னாதது என்ற கேள்வி வரும். மேய்வது விலங்கு மட்டுமே.

பென்னாகரத்திலிருந்து

*

ஐயா,

‘மேயா’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அப்படியே ஏற்க முடியவில்லை. நான் பாலக்கோடு பக்கம் கால்நடை மருத்துவம் பார்ப்பவள். நீங்கள் ‘மேயா’ என்று வைக்கும் செடியைத் தின்றுவிட்டுத்தான் மாடுகள் என்னிடம் வருகின்றன.

உன்னியையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் மாடு நல்ல நாளில் அதைத் தொடாது. பங்குனி, சித்திரையில் புல் கருகிய பிறகும், வெளியூரிலிருந்து வாங்கி வந்த மாட்டைப் பட்டினியாக ஓட்டிப்போகும்போதும் வாய் வைத்துவிடும். அதிலுள்ள லான்டடீன் என்ற நச்சுப்பொருள் கல்லீரலைத் தாக்கும். பித்தம் வெளியேறாமல் தேங்கும். பிறகு வெயில் பட்டாலே தோல் வெந்துபோகும். மாடு மரத்தடியை விட்டு நகராது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருக்கும். மூக்கில் வெள்ளைத் தோல் உள்ள மாடு என்றால், அந்த இடம் மட்டும் வெடித்துத் தோல் தோலாக உரியும். பக்கத்திலேயே கறுப்புத் தோல் அப்படியே இருக்கும். ‘மேயா’ என்று அச்சிட்ட கையேட்டை நம்பி ஒருவர் காட்டுக்குள் மாட்டை விட்டால்?

எதிர்ப்பக்கமும் உண்டு. மழை பொய்த்து வாடிய இளஞ்சோளத்தை மாடு ஆசை ஆசையாகத் தின்னும். அதில் சயனைடு இருக்கும். ஊசி போட நான் போய்ச் சேர்வதற்குள் சில நேரம் எல்லாம் முடிந்திருக்கும். மேயும் நஞ்சு அது. ஆகவே விருப்பம் ஒரு கணக்கு, நஞ்சு இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே பட்டியலில் போடக் கூடாது என்று நீங்கள் சொன்னது மிகச் சரி. ஆனால் விருப்பத்தை ‘உண்டு, இல்லை’ என்று வெட்டாமல், கூடுதல் குறைவு சொல்லும் சொல்லாக வையுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து

*

இலக்கணம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ‘மேயா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘மேயாத் தாவரம்’ என்றால் தாவரம் மேயவில்லை என்று ஆகாதா என ஒருவர் தனிமடலில் கேட்டார். ஆகாது. பேசாப்பொருள் என்றால் பொருள் பேசவில்லை என்றா கொள்கிறோம்? செயப்படுபொருளைத் தழுவி வருவது தமிழில் பழைய வழக்கு. ஒற்று மிகும்.

எட்டியை எங்கே வைப்பீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள். ‘எட்டி பழுத்தாலென்ன’ என்று பழமொழி அலுத்துக்கொண்டாலும், பழத்தின் சதையைக் குரங்கும் பறவையும் தின்கின்றன. ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சு பெரிதும் விதையில் இருக்கிறது. அதே பேரினத்தைச் சேர்ந்த தேற்றான் கொட்டையைக் கலங்கல் நீர் தெளியப் பானையின் உட்புறம் உரசுகிறோம்.

ஊத்தங்கரையிலிருந்து

*

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் அம்மா சொன்னது சொல்லையே மாற்றிவிட்டது. ‘பேலட்டபிலிட்டி’க்கு ‘மேய்விருப்பம்’ என்று வைப்போம். அதிலிருந்து ‘மேய்விருப்பம் மிக்க’, ‘மேய்விருப்பம் குன்றிய’ என்று இரண்டு பக்கமும் நீட்டலாம். கோடையில் மாறுவதையும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேறுபடுவதையும் அதே சொல்லால் எழுதலாம். ‘மேயா’வைப் புதர்க்காட்டின் வருணனைக்கு மட்டும் அடைமொழியாக வைத்துக்கொள்கிறேன், பட்டியலில் வேண்டாம்.

‘நச்சுத் தாவரம்’ தனிப் பட்டியலாகவே இருக்கட்டும். அதில் எந்த உறுப்பு, எந்த வழி, யாருக்கு என்ற மூன்றும் இல்லாத பதிவை ஏற்க வேண்டாம். எட்டிக்கு விதை என்று எழுத வேண்டும். சேராங்கொட்டைக்குத் தோலில் படுதல். தின்றால்தான் நஞ்சு என்று நினைப்பவர் கை கொப்பளித்த பிறகே தெரிந்துகொள்கிறார். குன்றிமணியின் ஓட்டுக்குள் அப்ரின் என்ற நஞ்சு. செங்காந்தளுக்கு முழுச் செடியும், சிறப்பாகக் கிழங்கும். மாநில மலர் என்பதற்காகச் சலுகை கிடையாது. ஒடுவன் மரத்துக்கு இலை; நஞ்சாவது மனிதருக்கு. உடலின் பொட்டாசியம் குறைந்து, இரத்தத்தில் அமிலம் ஏறி, இதயத்துடிப்பு தடுமாறும். மாற்று மருந்து இல்லை, உடனே மருத்துவமனை. மேய்விருப்பம் என்ற கட்டத்தில் ஒடுவனுக்குக் ‘குன்றியது’ என்று வரும். சோளத்துக்கு அதே கட்டத்தில் ‘மிக்கது’, நஞ்சுக் கட்டத்தில் ‘வாடிய இளம்பயிர்’.

2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் காட்டு மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குச் சுருக்கியது. காவிரி வடக்கு, காவிரி தெற்கு ஆகிய இரண்டு சரணாலயங்களும் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆலம்பாடி இன மாட்டுப் பட்டிக்காரர்களும் வனத்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும்போது, எந்தச் செடி எந்த மாதத்தில் எந்தக் கால்நடையிடம் எவ்வளவு கடிபடுகிறது என்பதுதான் பேச்சாக இருக்கும். அதற்கு ஏற்றபடி மாதவாரிக் கட்டம் ஒன்றை மேய்விருப்பத்துக்குச் சேர்த்திருக்கிறேன். விராலி, ஆவாரை, உன்னி மூன்றையும் நிரப்பிவிட்டேன். எருக்கும் துரட்டியும் காலியாக உள்ளன; ஆடு வளர்ப்பவர்களைக் கேட்டு அஞ்செட்டி, தளிப் பக்கத்து உறுப்பினர்கள் நிரப்பித் தர வேண்டும்.

பென்னாகரத்திலிருந்து