40,000 அடியில் வரும் உளவு விமானத்தை மறிப்பது ஏன் அவ்வளவு கஷ்டம்?

பெரம்பூர் மொட்டைமாடி:
1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையே காலியானபோது எங்கள் தாத்தா குடும்பம் கும்பகோணத்துக்கு ஓடியிருக்கிறது. அந்தக் கதையிலிருந்து ஆரம்பித்து இரண்டாம் உலகப்போர் உளவு விமானங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். குண்டு போடாமல் படம் மட்டும் எடுத்துவிட்டுப் போகிற தனி விமானம், ராடாரில் தெரிகிறது, போர் விமானமும் தயாராக நிற்கிறது, அப்புறம் ஏன் பிடிக்க முடியவில்லை? ஏறிப்போய்ச் சுட வேண்டியதுதானே?

தாம்பரம் பெரியவர்:
தம்பி, நான் ஏர்ஃபோர்ஸில் டெக்னீஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவன். முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். அந்தக் காலப் போர் விமானம் 40,000 அடி ஏற இருபது நிமிஷத்துக்கு மேலேயே ஆகும். மணிக்கு 400 கிலோமீட்டரில் வருகிறவனை விழுப்புரத்துக்கு மேலே ராடாரில் பார்த்தால், இருபத்தைந்து நிமிஷத்தில் அவன் நம் துறைமுகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்பான். நீங்கள் அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வருகிறீர்கள், அவன் திசையை மாற்றிவிட்டால் அதுவும் வீண்.

போய்ச் சேர்வதாவது பரவாயில்லை, அங்கே நிற்பதுதான் பெரும்பாடு. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் கால் பங்குதான். இறக்கைக்குப் பிடிமானமே இருக்காது, கொஞ்சம் வேகம் குறைந்தாலோ வளைத்துத் திருப்பினாலோ ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, விமானம் ஆயிரக்கணக்கான அடி சரிந்துவிடும், ஏறியதெல்லாம் போச்சு. குளிரோ மைனஸ் 55 டிகிரி, துப்பாக்கி எண்ணெய் உறையும், கண்ணாடியில் பனி படியும்.

வேளச்சேரி விமானப் பைத்தியம்:
பெரியவர் சொன்னதற்கு நேர் உதாரணம் 1942 செப்டம்பர் 12. ஜெர்மனியின் ஜங்கர்ஸ் 86 ஆர் விமானத்துக்கு 32 மீட்டர் இறக்கை, காற்றழுத்தம் அடைத்த கேபின், உள்ளே இரண்டே பேர். இங்கிலாந்துக்கு மேலே அது தைரியமாக வந்துபோனது. பிரிட்டிஷார் தங்கள் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஒன்றிலிருந்து கவசத்தகடு, இயந்திரத் துப்பாக்கி எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைத்து, இரண்டு 20 மி.மீ. பீரங்கிகளை மட்டும் விட்டு, இம்மானுவேல் கலிட்சின் என்ற விமானியை அனுப்பினார்கள். சௌதாம்ப்டன் பக்கம் சுமார் 43,000 அடியில் அவர் எதிரியைப் பிடித்தேவிட்டார்! ஆனால் இடது பீரங்கி சிக்கிக்கொண்டது. வலதுபக்கம் மட்டும் சுடச்சுட, அந்த உதையில் விமானம் ஒருபக்கமாகத் திரும்பிச் சரிந்தது. ஒவ்வொரு தடவையும் இதே கதை. ஒரே ஒரு குண்டு இறக்கையில் பட்டதோடு ஜெர்மன்காரன் தப்பினான்.

எனக்கு இது தோல்வியாகவே தெரியவில்லை. எட்ட முடியாது என்ற நம்பிக்கை உடைந்ததும் அந்த விமானங்கள் இங்கிலாந்துக்கு வருவதை ஜெர்மனி நிறுத்திக்கொண்டது.

பெரம்பூர் மொட்டைமாடி:
ஒரு பீரங்கி சுடாமல் போனால் விமானமே திரும்பிவிடும் என்பது என் மண்டைக்கு எட்டவே இல்லை. ரொம்ப நன்றி. பிற்பாடு ஏவுகணை வந்ததும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதா?

தாம்பரம் பெரியவர்:
பாதி தீர்ந்தது. 1960 மே 1 அன்று சோவியத் மிக் போர் விமானங்கள் எட்ட முடியாத உயரத்தில் பறந்த அமெரிக்க உளவு விமானம் யு-2வை ஏவுகணைதான் வீழ்த்தியது, ஆனால் அதே குழப்பத்தில் அவர்களுடைய சொந்த மிக்-19 ஒன்றும் விழுந்து அதன் விமானி இறந்தார். நம்மிடமே 1981 முதல் 2006 வரை பரேலியில் மிக்-25 உளவு விமானங்கள் இருந்தன. ஒலியைப் போல இரண்டரை மடங்கு வேகம், 70,000 அடி உயரம். அதைத் துரத்துகிறவனுக்கு நான் மேலே போட்ட நேரக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.