விமான சிமுலேட்டரில் (சிம்) ஊர்விட்டு ஊர் நெடுந்தூரம் (கிராஸ் கன்ட்ரி) போனபோது எடுத்து, இன்னும் மனசைவிட்டுப் போகாத ஒரு ஸ்கிரீன்ஷாட்

உப்புக்காற்று:
நெவாடாவின் எல்கோவிலிருந்து யூட்டாவின் ஆக்டன். செஸ்னா 172 விமானம், 9,500 அடி, சிம் எக்ஸ்-ப்ளேன் 12, தரைக்கு ஆர்த்தோ டைல், அதாவது நிஜ வான்படங்களைச் சதுரம் சதுரமாக ஒட்டிய தரை. அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்கே துண்டு துண்டாகக் கடந்துகொண்டிருக்கிறேன், அதில் இது ஒரு துண்டு. வெல்ஸ் வரை ஐ-80 நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு போய், அப்புறம் பைலட் பீக் மலையை வலப்பக்கம் விட்டுவிட்டு நேர் கிழக்கு. அதன் பிறகு ரொம்ப நேரத்துக்குக் கீழே ஒன்றுமே கிடையாது, வெளுப்புதான்.

கிரேட் சால்ட் லேக் வந்ததும் வெளிக் கேமராவுக்குப் போனேன். ஏரிக்குக் குறுக்கே ரயில் பாதை ஒன்று கோடு மாதிரி ஓடுகிறது. அதற்கு இடப்பக்கம் முழுக்க இளஞ்சிவப்பு, வலப்பக்கம் நீலப்பச்சை. இரண்டும் எங்கேயும் கலக்கவில்லை. விமானம் சரியாகக் கோட்டுக்கு மேலே வரும்போது வால் பக்கமிருந்து எடுத்தேன்.

நண்பர்கள் குழுவில் போட்டால், "எந்த ஃபில்டர்?" என்று ஒருத்தன், "ஏஐயா?" என்று இன்னொருத்தன். ஒரு ஃபில்டரும் இல்லை. அதிலிருந்து அந்தப் படத்தை நானே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடமும் இப்படி ஒன்று இருக்குமே, எழுதுங்கள்.

ரன்வே_27:
ஃபில்டர் இல்லை, சரி. டைல் கோளாறு. ஒரு டைல் கோடையில் எடுத்தது, பக்கத்து டைல் வேறொரு பருவத்தில் எடுத்தது, சேர்கிற இடம் இப்படித்தான் தெரியும். ஆர்த்தோ போடுகிற எல்லாருக்கும் தெரிந்த சமாசாரம். என் கான்சாஸில் ஒரே வயல் பாதி பச்சை, பாதி பழுப்பு.

என்னுடையது பழைய கதை, எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்டின் பழைய சிம்) காலம். வி பட்டனை அழுத்தினால் படம் விழுமே, அது. சியாட்டிலிலிருந்து போர்ட்லண்ட். கீழே முழுக்க மேகம், ஊர் ஆறு எதுவும் தெரியவில்லை, ரேடியோ ஊசியை நம்பிப் போய்க்கொண்டிருந்தேன். இடப்பக்கம் ரெய்னியர் மலை 14,410 அடி, அது தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நான் பார்த்தது செயின்ட் ஹெலன்ஸை. 1980 மே 18இல் வெடித்து 9,677 அடியிலிருந்து 8,363 அடிக்கு இறங்கிப்போன மலை. மேகத்தின் மேல்மட்டம் அந்த உடைந்த விளிம்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. விளிம்பு மட்டும் ஒரு பாதி வளையமாக வெளியே தெரிகிறது, பின்னால் தூரத்தில் ஹூட் மலை.

அந்த மேகத்தை நான் வைக்கவில்லை, அன்றைய வானிலையை இறக்கியதில் தானாக வந்தது. அதே வழியில் அப்புறம் எத்தனையோ முறை போய்விட்டேன். மேகம் ஒன்று மலையை முழுங்கிவிடும், இல்லாவிட்டால் கீழேயே கிடக்கும்.

மலைச்சரிவு:
ரன்வே, டைல் ஓரமாக இருந்தால் அந்தக் கோடு கரையோடு நிற்காது, நிலத்திலும் ஏறிப் போகும். உப்புக்காற்று சொல்வது தண்ணீரில் மட்டும்தானே. அது நிஜம். ரயில் பாதைக்காகக் கல்லும் மண்ணும் கொட்டி 1959இல் கட்டி முடித்த அணைக்கரை அது, முன்பு மரக்கால்களின் மேல் ஓடிய பாதைக்குப் பதிலாக வந்தது. ஏரிக்கு வருகிற பேர், வெபர், ஜோர்டான் ஆறுகளின் தண்ணீர் தெற்குப் பாதிக்குத்தான் போகிறது. வடக்குக்கு நல்ல தண்ணீர் வரத்தே கிட்டத்தட்ட இல்லை, வெயிலில் வற்றி உப்பு ஏறிக்கொண்டே போகிறது. அந்த உப்பில் வாழ்கிற நுண்ணுயிர்களின் நிறம்தான் இளஞ்சிவப்பு. விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த படங்களிலும் இதே கோடு, இதே இரண்டு நிறம்.

வேடிக்கை என்னவென்றால் என் படம் இதற்கு நேர்மாறு. 2020 ஆகஸ்ட், மைக்ரோசாஃப்ட் சிம் வந்த புதிது. மெல்பர்னின் எசண்டன் ஏர்போர்ட்டில் ஏறி சிட்னி போகவேண்டியவன், வடக்குப் புறநகர் ஃபாக்னரில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஏன் என்று உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். தாழ்ந்த வீடுகளுக்கு நடுவே 212 மாடிக் கோபுரம்! சிம் கட்டடங்களுக்கு எடுத்துக்கொள்கிற, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் 2 என்று போடவேண்டிய இடத்தில் யாரோ 212 என்று அடித்துவிட்டார்கள். வரைபடத்தில் அதைத் திருத்தியாயிற்று, ஆனால் சிம் எடுத்து வைத்திருந்தது பழைய பிரதி. பொழுது சாய்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். கீழிருந்து மேல்வரை ஜன்னல் ஜன்னலாக விளக்கு எரிகிறது. அத்தனை மாடியிலும் யாரோ குடியிருக்கிற மாதிரி. நான் அன்றைக்கு சிட்னி போகவே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து "எந்த ஃபில்டர்" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

172காரன்:
கிளாமத் ஃபால்ஸிலிருந்து வடக்கே கிரேட்டர் லேக். இடது இறக்கையைச் சாய்த்தேன், இறக்கையைத் தாங்குகிற ஸ்ட்ரட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஏரிக்குள் இருக்கிற விசார்ட் தீவு வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே எழுதுகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஏரி எடுக்கிறீர்கள் என்றால் சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எல்லாரும் பொன்மாலை பொன்மாலை என்று ஓடுகிறார்கள், தாழ்ந்த வெயிலில் தண்ணீர் வெறும் கண்ணாடி, நிறம் தெரியாது. மலைக்கு அதே தாழ்ந்த வெயில்தான் வேண்டும், அதுவும் முதுகுக்குப் பின்னால் இல்லை, பக்கவாட்டில். அப்போதுதான் மடிப்புகள் எழுந்து நிற்கும். கேமராவைத் திருப்பிய உடனே அழுத்தாதீர்கள், தூரத்துத் தரை கூர்மையாக நேரம் எடுக்கும், சிம்மை நிறுத்திவைத்து அது நிரம்பிய பிறகு எடுங்கள். பார்வைக் கோணத்தைக் குறுக்குங்கள். அகலக் கோணத்தில் எந்த மலையும் மேடு மாதிரிதான் தெரியும். ஆர்த்தோ தரையென்றால் 3,000 அடிக்குக் கீழே இறங்காதீர்கள், வீடெல்லாம் பாயில் வரைந்த மாதிரி கிடக்கும். எச்டிஆர் (திரையின் கூடுதல் வெளிச்ச வசதி) போட்டுக்கொண்டு சாதாரண ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் வெளுத்துப்போய் வரும், எடுப்பதற்கு முன் அணைத்துவிடுங்கள். மவுஸ் குறி, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று காட்டுகிற எண் இரண்டையும் மறைத்துவிடுங்கள். ஒரு மூலையில் 34 என்று பச்சையாக மின்னினால் கிராண்ட் கேன்யனாக இருந்தாலும் போச்சு. விமானத்தை நேராக வைத்து எடுக்காதீர்கள், 10, 15 டிகிரி சாயட்டும். மேகம் சரியில்லையா, வானிலையைக் கையில் எடுத்து நீங்களே வையுங்கள். ரன்வே சொல்கிற அந்த ஹெலன்ஸ் படத்தை இப்போது இரண்டே நிமிடத்தில் வைத்துவிடலாம்: மேகத்தின் மேல்மட்டம் 8,000 அடி, அடர்த்தி முழுசு.

பருத்தித்துறையான்:
எல்லாரும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று கதைக்கிறீர்கள். நான் மதுரையில் இருந்து பலாலிக்குப் பறந்தேன், மைக்ரோசாஃப்ட் சிம்மில். பாம்பன், தனுஷ்கோடி, பிறகு மணல் திட்டுகள் ஒவ்வொன்றாக விலகி விலகித் தலைமன்னார் வரைக்கும் போகுது. அது வடிவாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நான் எழுத வந்தது அதுக்கு இல்லை.

பூநகரி தாண்டி ஆனையிறவுப் பக்கம் கொஞ்சம் சுற்றி, உப்பளம் இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டுக் குடாநாட்டுக்குள் வந்தேன். வீதி சரி. கடல்நீரேரி சரி. கோயில் இருக்கிற மூலைகூடச் சரி. பனை இல்லை! ஒன்றுகூட இல்லை. வெறும் வெளியெல்லாம் ஏதோ குடை விரித்த மாதிரி மரம். 1,500 அடியில் அதை எடுத்து அம்மாவிடம் காட்டினேன். "இது எந்த ஊரடா?" என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகும் நம்பவில்லை. படம் படமாகப் பார்த்தால் குறையே இல்லை, 172காரன் சொன்ன எல்லாம் அதில் இருக்கு, பக்கத்து வெயில் உட்பட.

ரன்வே_27:
மலைச்சரிவு சொன்னதை நாசா படத்தில் பார்த்தேன், கோடு நிஜம்தான்.

ஆனால் 172காரன், கேட்டது யார்? இரண்டு நிமிடத்தில் வைத்துவிடலாம் என்று எனக்கும் தெரியும். வைத்தும் பார்த்திருக்கிறேன், அச்சாக அதே மாதிரி வந்தது, உடனே அழித்துவிட்டேன். அன்றைக்கு வாஷிங்டன் மாநிலத்தில் நிஜமாகவே அப்படி ஒரு மேகம் கிடந்திருக்கிறது, யாரோ ஒரு விமானி அதற்கு மேலே நிஜமாகவே போயிருப்பார். ஏறக்குறைய அதே நேரத்தில் நான் இங்கே மேசைக்கு முன்னால். அந்தச் சம்பந்தம் போய்விட்டால் அது வால்பேப்பர். சிம்மில் இருக்கிற, எங்கே வேண்டுமானாலும் மிதக்கிற ட்ரோன் கேமராவும் அப்படித்தான் எனக்கு. விமானத்தை நிறுத்திவைத்துவிட்டு மூக்குக்கு முன்னால் 200 அடியில் நின்று எடுக்கிறார்கள், அங்கே யார் நிற்க முடியும்?

172காரன்:
நிஜம் நிஜம் என்கிறீர்கள், எஃப்எஸ்எக்ஸ் இறக்கியது ஒவ்வொரு நிலையத்தின் அறிக்கையிலிருந்தும் ஒரு தோராயம். மலைமேல் நிலையமே கிடையாது. உங்கள் ஹெலன்ஸ் மேகம் சுற்றுவட்டார ஏர்போர்ட் அறிக்கைகளை வைத்து மென்பொருள் இட்டு நிரப்பியது. நான் கையால் வைத்தால் மட்டும் பொய்யா? உப்புக்காற்றுகூட வெளிக் கேமராவில்தான் எடுத்தார், அவரை விட்டுவிட்டீர்கள்.

உப்புக்காற்று:
சண்டை வேண்டாம் அண்ணே. வால் பக்கமிருந்து எடுத்தது உண்மைதான், காக்பிட்டிலிருந்து பார்த்தால் மூக்கு அந்தக் கோட்டை மறைத்துவிடும். மலைச்சரிவு எழுதியதை அப்படியே நண்பர்கள் குழுவில் போட்டேன். ஒருத்தன் இப்போது "அப்போ நிஜ ஏரியிலேயே ஃபில்டர் போட்டிருக்கான்" என்கிறான். விட்டுவிட்டேன்.

அடுத்த துண்டு ஆக்டனிலிருந்து ராக் ஸ்பிரிங்ஸ், அங்கிருந்து செயென். வயோமிங்கில் எடுக்கிற மாதிரி என்ன இருக்கிறது?

வரைபடப்பித்து:
நீங்கள் போகிற வழி எது என்று தெரிந்துதான் போகிறீர்களா? நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 1920இல் தொடங்கிய விமானத் தபால் வழி அது. எல்கோ, சால்ட் லேக் சிட்டி, ராக் ஸ்பிரிங்ஸ், செயென் எல்லாமே அதன் நிறுத்தங்கள். இரவில் பறக்க வழிநெடுக விளக்குக் கோபுரம் வைத்தார்கள், பல இடங்களில் கோபுரத்தின் அடியில் தரையோடு தரையாகப் பெரிய கான்கிரீட் அம்பும் போட்டார்கள், மேலே மஞ்சள் பெயின்ட். அடுத்த விளக்கு எந்தத் திசையில் என்று அது காட்டும். சில அம்புகள் இன்னும் இருக்கின்றன.

ஒன்று என் ஆர்த்தோவில் தெரிந்தது. வழக்கமான உயரத்தில் போனால் புள்ளிகூட இல்லை. காற்று எதிரே அடித்துக் கடுப்பேற்றியதால் தாழ்ந்து போய்க்கொண்டிருந்தேன், புதர்க் காட்டுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கூராக ஒன்று. நிறுத்திவைத்து, நேர் கீழே பார்த்தேன். அம்பேதான். நான் போகிற திசையையே காட்டிக்கொண்டு கிடந்தது. படம் மங்கல், பெயின்ட் எப்போதோ போய்விட்டது, நாலு பிக்சல் என்று சொன்னாலும் தகும். 172காரன் பார்த்தால் வீசிவிடுவார். என் ஃபோல்டரில் அதுதான் முதலில் இருக்கிறது.

உப்புக்காற்று:
அடடா. எந்தப் பக்கம்? என்னிடம் இருப்பது ஜூம் 17 டைல் (எண் கூடக்கூடப் படம் நுணுக்கமாகும்), போதுமா?

வரைபடப்பித்து:
17இல் தெரியாது. 18 வையுங்கள், நாலு மடங்கு இடம் பிடிக்கும். டைல் முழுக்க வேண்டாம், ஐ-80 ஓரத்துக்கு மட்டும் பட்டையாக வரைந்து இறக்குங்கள். இடத்தைத் தனியாக அனுப்புகிறேன், இங்கே போட்டால் தேடிப் பார்க்க நினைக்கிறவர்கள் திட்டுவார்கள்.