டேப்பெட் கவரில் மட்டும் பெயின்ட் உரிகிறது: எட்ச் பிரைமரா, எபாக்ஸியா?

வணக்கம் நண்பர்களே. வார்ப்பிரும்பு பிளாக்கிலும் அலுமினிய டேப்பெட் கவரிலும் (எஞ்சினின் மேல் மூடி) அடித்தது ஒரே எஞ்சின் எனாமல்தான். பிளாக்கில் அசையவில்லை, கவரில் போல்ட் ஓரங்களில் தகடாக உரிகிறது. அலுமினியத்தின் ஆக்சைடு படலமும் வார்ப்பின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெயும்தான் காரணமாக இருக்கும்.

இம்முறை திட்டம்: டீகிரீசர், வெந்நீர்க் கழுவல், 100 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி, முழுக்க ஆறியபின் கசிந்த எண்ணெயைத் தின்னரால் துடைப்பது. (சூட்டோடு தின்னர் தொட்டால் தீப்பிடிக்கலாம்.) 180 கிரிட் எமரித் தாளால் தேய்ப்பு, எட்ச் பிரைமர் (அமிலத்தால் உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு), பிறகு பத்து நிமிட இடைவெளியில் எனாமல் மூன்று மெல்லிய கோட். தடிப்பாக அடித்தால் கரைப்பான் உள்ளே சிக்கிக் கொப்புளிக்கும்.

எட்ச் பிரைமருக்குப் பதில் டூ-கே எபாக்ஸி (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பிரைமர்) அடித்தால் எஞ்சின் சூட்டைத் தாங்குமா? போல்ட் வாஷர் அமரும் இடத்தை டேப் ஒட்டி மறைக்கிறீர்களா? அங்கே பெயின்ட் நசுங்கினால் போல்ட்டின் இறுக்கம் தளர்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.