தெர்மோஸ்டாட் மட்டுமா, ஹவுசிங்கும் சேர்த்தா? மாற்றியவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்

மேட்டுவண்டி

முள் சிவப்பைத் தொடப் போகிறது, ஏற்றம் இன்னும் முடியவில்லை, ஓரம் கட்ட இடமும் இல்லை. இஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இறக்கலாம் என்று ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டேன். வந்தது சில்லென்ற காற்று. முன்னால் இஞ்சின் கொதிக்கிறது, உள்ளே குளிர்காற்று வீசுகிறது. ஹீட்டர் வரைக்கும் வர உள்ளே கூலண்டே (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

இத்தனைக்கும் தெர்மோஸ்டாட் (இஞ்சின் சூடான பிறகே கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மாற்றி அதிக நாள் ஆகவில்லை. வால்வு மட்டும் புதுசு, அது உட்காரும் கூடான பிளாஸ்டிக் ஹவுசிங் பழையது. மாற்றும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஹவுசிங்கின் அடியில், இரண்டு பாதியையும் ஒட்டியிருக்கும் கோட்டோரம், ரோஸ் நிறத்தில் உப்புப் பூத்த மாதிரி கூலண்ட் காய்ந்து கிடந்தது. மெக்கானிக் வேஸ்ட் துணியை எடுத்து அதை நன்றாகத் துடைத்தார், பளபளவென்று ஆக்கினார், அதையே திரும்ப மாட்டினார்.

கொதித்த பிறகு வாட்டர் பம்பு என்றார்கள், ஹெட் கேஸ்கட் என்றார்கள். கடைசியில் ஹவுசிங்கைக் கழற்றி இரண்டு கையாலும் லேசாக முறுக்கினால் அந்தக் கோடு வாய் திறக்கிறது! ஆறியிருக்கும்போது மூடிக்கொள்ளும், சூடேறி பிரஷர் வந்தால் திறக்கும், சொட்டுவது சூடான இஞ்சின் மேலேயே ஆவியாகிப் போகும். அதனால் காலையில் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இருந்ததில்லை. ஹெட் தப்பித்தது, அது வேறு விஷயம். அந்தத் துணிதான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இப்படித் தடயத்தையே துடைத்துவிட்டு "சரியாயிடுச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று வேறு யாருக்காவது அனுப்பியிருக்கிறார்களா?

இறங்குமுள்

எனக்கு நேர் எதிர். சூடே ஆகவில்லை. நின்ற இடத்தில் முள் நடுவில் நிற்கும், நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தால் மெல்லக் கீழே போகும், இறக்கத்தில் இன்னும் போகும். இஞ்சின் லைட் எரிந்தது, ஸ்கேனரில் பி0128. கூலண்ட் வரவேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் வேறு கூடுதலாகக் குடித்தது. "சென்சார் மாத்திடலாம் சார்" என்று மாற்றினார்கள். மறுநாளே அதே பி0128.

பழைய தெர்மோஸ்டாட் கையில் கிடைத்ததும் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். அடுப்பில் வெந்நீரில் போட்டுச் சோதிக்கவே தேவையில்லை. சாதாரண அறைச்சூட்டிலேயே வால்வின் ஓரமாக ஜன்னல் தெரிந்தது. மூடியிருக்க வேண்டிய நேரத்தில் பிறை மாதிரி ஒரு இடைவெளி. இத்தனை நாளும் கூலண்ட் அது வழியாக ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டே இருந்திருக்கிறது. பாவம் அந்தச் சென்சார், அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பழைய டீசல்

இவ்வளவு பேச்சு எதற்கு? கழற்றித் தூரப் போடுங்கள். என் வண்டியில் தெர்மோஸ்டாட்டே கிடையாது, வருஷக்கணக்கில் ஓடுகிறது. இல்லாத பாகம் எப்படி ரிப்பேர் ஆகும்?

கூலண்ட் கணக்கு

என் கதை சின்னது. புது யூனிட் போட்டு எடுத்து வந்தேன், வழியெல்லாம் டேஷ்போர்டுக்குப் பின்னால் களக் களக் என்று தண்ணீர் ஓடும் சத்தம், முள் ஏறுவதும் சட்டென்று விழுவதுமாக இருந்தது. உள்ளே காற்று அடைத்திருந்தது. ஏர் எடுத்ததும் சரியானது. அவ்வளவுதான்.

ஆனால் பழைய டீசல் சொல்வதைப் படித்துவிட்டு யாராவது நாளைக்குக் கழற்றிப் போட்டுவிடப் போகிறார்கள் என்பதால் எழுதுகிறேன். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்பது எல்லா இஞ்சினுக்கும் பொருந்தாது. பல தெர்மோஸ்டாட்டில் அடியில் இன்னொரு சின்னத் தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கத் திறக்க அது பைபாஸ் வழியை மூடும். முழு யூனிட்டையும் எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றும். பாரம் ஏற்றி மேடு ஏறினால் கொதிக்கும். சரி, கொதிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இஞ்சின் சூடாகாமலே ஓடினால் கம்ப்யூட்டர் கூடுதலாக எரிபொருள் விடும், அதில் எரியாதது ஆயிலில் கலக்கும், ஈரமும் சேர்ந்து கசடு பிடிக்கும். முள் பேசாமல் இருக்கிறது என்பதால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், மாட்டும்போது மெழுகு உருளை இருக்கும் பக்கம் இஞ்சினைப் பார்க்க வேண்டும். சூடு அதில் பட்டால்தான் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளும். விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் குட்டி ஊசி ஒன்று இருந்தால் அது மேலே வரட்டும், காற்று வெளியேற அதுதான் வழி. யூனிட்டிலேயே 82, 88 என்று அச்சடித்திருக்கும். அது திறக்கத் தொடங்கும் சூடு, முழுசாகத் திறக்க இன்னும் 10 டிகிரிக்கு மேல் வேண்டும். 88 போட்ட இஞ்சினுக்கு 82 போட்டால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரப்பர் ஓ-ரிங் உட்காரும் இடத்தில் சிலிகான் பசை பூசவே வேண்டாம். பிதுங்கி உள்ளே போகும் துணுக்கு ரேடியேட்டரின் மெல்லிய குழாயில் போய் உட்காரும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, வாங்கும்போதே கலந்திருந்தால் அப்படியே ஊற்றுங்கள். நிறம் ஒன்றாக இருக்கிறது என்று வேறு வகையைக் கலக்காதீர்கள், புத்தகத்தில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதுதான். அப்புறம், சூடாக இருக்கும்போது கூலண்ட் ஊற்றும் வாயின் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே பிரஷர் இருக்கும் வரைதான் அது கொதிக்காமல் இருக்கிறது, திறந்த நொடியில் முகத்துக்கு வரும்.

பழைய டீசல்

என் இஞ்சினில் நீங்கள் சொல்லும் அடித்தட்டு கிடையாது. கட்டுரை எழுதுவதற்கு முன்னால் எந்த வண்டி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்

நீங்கள் இருவரும் சண்டையை முடியுங்கள், நான் போல்ட் பற்றிச் சொல்கிறேன். ஹவுசிங்கில் மூன்று போல்ட். இரண்டு வந்துவிட்டது. மூன்றாவது கொஞ்சம் அசைந்தது, அப்புறம் ஸ்பேனர் ரொம்ப லேசாகச் சுற்ற ஆரம்பித்தது. அந்த லேசு இருக்கிறதே, செய்தவர்களுக்குத் தெரியும். தலை மட்டும் தனியாகக் கையில் வந்தது. சத்தமே இல்லை. போல்ட் இரும்பு, அது இறங்கியிருக்கும் இடம் அலுமினியம், நடுவில் பழைய கூலண்ட் கசிந்து இரண்டையும் பிடித்து வைத்திருந்தது.

நல்ல வேளை, ஹவுசிங்கை எடுத்த பிறகு மிச்சத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, சூடுகாட்டி, வைஸ் கிரிப்பால் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டி எடுத்தோம். தளத்தோடு தளமாக முறிந்திருந்தால் துளை போட்டுத்தான் எடுத்திருக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது இந்தச் சின்ன போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் முறுக்கு. கை வலிமையைக் காட்டினால் பிளாஸ்டிக் ஹவுசிங்கில் போல்ட் இறங்கும் காது விரிசல் விடும். @மேட்டுவண்டி, உங்கள் ஹவுசிங்கும் அப்படி யாரோ முன்னால் முறுக்கியதால் போனதாக இருக்கலாம்.

மேட்டுவண்டி

காதெல்லாம் முழுசாகத்தான் இருந்தது, பிளந்தது ஒட்டுக்கோடு. பழைய பிளாஸ்டிக், சூட்டில் கிடந்து கிடந்து நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது. ஹோஸைப் பிடுங்கும்போதே வாய்ப்பகுதியில் ஒரு சில்லு உதிர்ந்தது. அதையும் அவர் பார்த்தார்.

நகக்கண்

எல்லோரும் பழைய ஹவுசிங்கைத்தான் திட்டுகிறீர்கள். எனக்கு வந்த புதுசே கோணல். சென்சார், தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்ந்து ஒரே யூனிட்டாக வரும் வகை, கம்பெனி பாகம் இல்லை. போட்ட அன்றே கசிவு. ஓ-ரிங்கை மாற்றினார்கள், மறுபடி கசிவு. "புதுசு சார், அதுல குறை இருக்காது" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கழற்றித் தரச் சொல்லி, ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தைச் சுற்றி நகத்தை ஓட்டினேன். ஒரு இடத்தில் நகம் தட்டியது. அச்சில் வார்த்தபோது இரண்டு பாதி சேர்ந்த மேடு, முடியளவு, சரியாக ரப்பர் உட்காரும் இடத்தில். மெக்கானிக்கின் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தேன். ஒன்றும் பேசவில்லை.

இறக்குமதி யூனிட் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் மாட்டுவதற்கு முன்னால் முதலில் நகம்தான். @பழைய டீசல், உங்கள் வண்டியில் முள்ளாவது வேலை செய்கிறதா?