அப்பாவின் ஸ்பீக்கர்: கிராஸ்ஓவரில் கெப்பாசிட்டர் மட்டும் மாற்றினால் போதுமா?

செந்தூல்வாசி:
வணக்கம் நண்பர்களே. அப்பா 1988-இல் வாங்கிய ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர் வீட்டில் இன்னும் ஓடுகிறது. கனமான கீழ்ச் சத்தத்துக்கு ஒரு ஊஃபர், கூர்மையான மேல் சத்தத்துக்கு ஒரு ட்வீட்டர், அவ்வளவுதான். போன மாதம் பஜனைப் பாட்டு போட்டபோதுதான் கவனித்தேன், வலது பெட்டியில் ஜால்ரா பளிச்சென்று கேட்கிறது, இடதில் துணியைப் போர்த்தி மூடியது மாதிரி இருக்கிறது. வயரை இடம் மாற்றிப் பார்த்தேன், குறை பெட்டியோடுதான் போகிறது, அதனால் ஆம்ப்ளிஃபயர் மேல் தப்பில்லை. பின்பக்கம் கழற்றினால், சத்தத்தைப் பிரித்து ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் அனுப்பும் கிராஸ்ஓவர் சர்க்யூட்டில் நான்கு கெப்பாசிட்டர், இரண்டு காயில், இரண்டு வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர். ஒரு கடையில் காட்டினேன், காயில் உட்பட எல்லாவற்றையும் மாற்றி அப்கிரேட் பண்ண 900 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார்கள். அவ்வளவு தேவையா? சோல்டரிங் சுமாராக வரும்.

பட்டர்வொர்த் ரேடியோ:
தம்பி, 900 வெள்ளியை எடுக்காதீர்கள், முதலில் ட்வீட்டர்களை இரண்டு பெட்டிக்கும் இடையே மாற்றிப் போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து ட்வீட்டர் பலவற்றில் காந்தத்தின் இடுக்கில் ஃபெர்ரோஃப்ளூயிட் என்ற எண்ணெய் மாதிரி ஒன்று இருக்கும், வருஷம் போகப் போக அது கெட்டியாகி சத்தம் அமுங்கிவிடும். அப்படி இருந்தால் எவ்வளவு விலை கெப்பாசிட்டர் போட்டாலும் பயன் இல்லை. ட்வீட்டர் மாறியும் குறை இடது பெட்டியிலேயே நின்றால் கிராஸ்ஓவர்தான்.

அதிலும் முதல் சந்தேகம் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் மேல்தான். உள்ளே இருக்கும் திரவம் காய்ந்தால் அளவு குறையும், உள் எதிர்ப்பு கூடும். ட்வீட்டருக்குப் போகும் 4.7 மைக்ரோஃபாரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஓம் ட்வீட்டரோடு அது தனியாக இருந்தால் வெட்டும் இடம் சுமார் 4,200 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே உள்ள சத்தம் ட்வீட்டருக்குக் குறைந்துகொண்டே போகும். அதுவே 3 மைக்ரோவுக்கு இறங்கினால் 6,600-க்கு ஏறிவிடும், இடையில் இருக்கும் சத்தம் காணாமல் போகும். உங்கள் சர்க்யூட்டில் காயிலும் இருப்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் போகிற திசை அதுதான். அளக்கும்போது கெப்பாசிட்டரின் ஒரு பக்கக் கம்பியையாவது போர்டிலிருந்து தூக்கிவிட்டு அளங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் காட்டும்.

காயிலைத் தொடவே வேண்டாம். செம்புக் கம்பி அப்படிக் காய்ந்து போகாது. தடித்த கம்பி காயில் போட்டால் அதன் எதிர்ப்பு குறையும், வடிவமைத்தவர் அந்த எதிர்ப்பையும் கணக்கில் வைத்துத்தான் ஊஃபரைச் சரி பண்ணியிருப்பார். அதைக் கலைத்துவிட்டு அப்கிரேட் என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

கிள்ளான் சவுண்ட்:
அண்ணன் சொன்னது சரி. என் அனுபவம் ஒன்று. எலக்ட்ரோலிட்டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, உள்ளே திரவம் இல்லாமல் பிளாஸ்டிக் படலத்தில் செய்த ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டேன், முதல் நாள் அருமை, ஒரு வாரத்தில் காது வலி. ஃபிலிமுக்கு உள் எதிர்ப்பு மிகக் குறைவு, அதனால் ட்வீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது. கெப்பாசிட்டரோடு தொடராக 0.47 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்த பிறகுதான் நிம்மதியாகக் கேட்க முடிந்தது. அப்புறம், ஃபிலிம் கட்டைவிரல் தடிமன் இருக்கும், பழைய இடத்தில் உட்காராது. ஹாட் குளூவோடு கேபிள் டையும் போட்டு இறுக்குங்கள், பெட்டி அதிரும்போது ஆடக்கூடாது.

பொருள் வாங்க கோலாலம்பூர் ஜாலான் பாசார் போங்கள், எலக்ட்ரானிக் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடையில் நான்-போலார் என்று சொல்லிக் கேளுங்கள், கூட்டல் கழித்தல் குறி போட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக் இங்கே கூடாது.

தாமான்_இசை:
எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து. ட்வீட்டர் வழியில் ஃபிலிம் போடுங்கள், ஊஃபர் பக்கம் 15, 22 மைக்ரோ மாதிரி பெரியது இருந்தால் புதிய நான்-போலார் எலக்ட்ரோலிட்டிக்கே போதும். அந்த அளவில் ஃபிலிம் விலையும் அதிகம், இடமும் கிடையாது. ஒரு பெட்டியை மட்டும் செய்யாதீர்கள், இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் குரல் நடுவில் நிற்கும். சிமெண்ட் ரெசிஸ்டரையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

செந்தூல்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ட்வீட்டரை மாற்றிப் பார்த்தேன், குறை இடது பெட்டியிலேயே இருந்தது. நண்பரின் மீட்டரில் அளந்தபோது இடது 4.7 வெறும் 3.1 காட்டியது, வலது 4.3. ரெசிஸ்டர் நான்கும் சரியாக இருந்தன. சனிக்கிழமை ஜாலான் பாசாரில் ட்வீட்டர் வழிக்கு ஃபிலிம், மற்றதற்கு நான்-போலார், இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 64 வெள்ளி ஆனது. 0.47 ஓம் ரெசிஸ்டர் போட்டும் கேட்டேன், போடாமலும் கேட்டேன், எனக்குப் போட்டதுதான் பிடித்தது. இப்போது இரண்டு பக்கமும் ஜால்ரா ஒரே மாதிரி கேட்கிறது, பாடுகிறவர் குரலும் நடுவில் வந்துவிட்டது. அப்பா அன்று இரவு மூன்று கேசட் தொடர்ந்து கேட்டார்.

ஒன்று மட்டும் பாக்கி. கழற்றி மாட்டியதில் இடது ஊஃபரின் ஒரு ஸ்க்ரூ இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெரிய ஸ்க்ரூ போடலாமா?

பட்டர்வொர்த் ரேடியோ:
வேண்டாம் தம்பி, ஊஃபர் சட்டத்தில் இருக்கும் துளை தாங்காது. பல்குச்சியில் மரப் பசை தடவி, துளைக்குள் இரண்டு மூன்று செருகி, மட்டமாக வெட்டிவிட்டு ஒரு நாள் காய விடுங்கள். அப்புறம் பழைய ஸ்க்ரூவையே கையால் மெதுவாக ஏற்றுங்கள், பிடித்துக்கொள்ளும்.